துஷ்டிக்கு முன்னால் ஒருமுறை போய்வாருங்கள்

ஆனி மாதம் இந்தப் பகுதிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண் விவசாயி. இரண்டரை ஏக்கர் மானாவாரிக் கரிசல். போன வருடம் போட்ட மக்காச்சோளத்தில் பாதியைப் படைப்புழு தின்றது; மீதியில் பாதியைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டது. இந்த வருடமும் மக்காச்சோளமே போடலாமா, குதிரைவாலிக்கு மாறிவிடலாமா என்பது அவருடைய கேள்வி. ஒன்றரைப் பக்கம் அதைத்தான் எழுதியிருந்தார். கையெழுத்துக்குக் கீழே இன்னும் நான்கு வரி இருந்தது.

"எங்கள் வீட்டுக்காரர் நாலு மாதமாகக் காட்டுப் பக்கமே போகவில்லை. ராத்திரி தூங்குவதில்லை. போன வருடம் மீந்த மருந்தை எங்கே வைத்திருக்கிறாய் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். காட்டில் பயிரே இல்லை. எதற்குக் கேட்கிறார் என்று தெரியவில்லை."

எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும், எழுதத்தான் கை வரவில்லை.

இதழில் பதில் வரும்வரை காத்திருக்கிற கேள்வி இல்லை இது. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றைக்கே பேசினேன். அதற்குப் பிறகு இந்த இரண்டரை மாதத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை பேசியிருப்போம். "பேரும் ஊரும் போடாம எழுதுங்க சார். எங்கள மாதிரி எத்தன வீடு இருக்கோ" என்று கணவன், மனைவி இருவரும் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் மனநல மருத்துவர் இல்லை. விவசாயப் பட்டம் படித்துவிட்டு முப்பது வருடமாகக் காடுகரையில் திரிகிற அலுவலர். இதில் மருத்துவம் சம்பந்தமான விஷயங்களை அரசு மருத்துவமனையில் இருக்கும் மனநல மருத்துவர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி

அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் உடனே போனை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன், பயிர்க் காப்பீட்டுப் பதிவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். எனக்கு நன்றாகப் பழக்கமான விவசாயி ஒருவர் வந்தார். எப்போதோ என்னிடம் வாங்கிப்போன கைத்தெளிப்பானைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். "இருக்கட்டும்ணே, சீசன் வருதே" என்றேன். "இனிமே எனக்கு எதுக்கு சார்" என்றார். எனக்கு அன்று சாயங்காலத்துக்குள் அறுபது படிவம் முடிக்க வேண்டியிருந்தது. குனிந்த தலை நிமிரவில்லை.

ஐந்தாம் நாள் அவர் வீட்டுக்குத் துஷ்டிக்குப் போனேன்.

ஊரே அங்கே இருந்தது. திருப்பூரிலிருந்து கூட்டாளிகள், சென்னையிலிருந்து மைத்துனர், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட வந்திருந்தார்கள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேசப் பேசத்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்த வாரத்தில் டீக்கடைப் பாக்கியைத் தீர்த்திருக்கிறார். காரணமே இல்லாமல் தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு வேளை சாப்பிட்டு வந்திருக்கிறார். மகனிடம் பத்திரம் இருக்கும் இடத்தைச் சொல்லியிருக்கிறார். என்னிடம் தெளிப்பானைக் கொடுத்திருக்கிறார். அவர் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். திருப்பிக் கேட்கத்தான் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம் பக்கத்தில் துஷ்டிக்குப் போகத் தவறுகிறவர் கிடையாது. வேலையைப் போட்டுவிட்டு, கைக்காசைச் செலவழித்து, பஸ் மாறிப் போய்ச் சேருகிறோம். அந்த நடையை ஒரு மாதம் முன்னால் நடக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம், போனால் என்ன செய்வது என்கிற விவரம்.

அந்த வீட்டில் நடந்தது

காட்டு வேலை இல்லாத மாதங்களில் கணவர் பயராபீஸுக்குப் போவார். மனைவிக்கும் பக்கத்து ஆலையில்தான் வேலை. மாசி மாதம் அவர் வேலை பார்த்த இடத்தில் வெடி விபத்து. அன்றைக்கு உறவில் ஒரு காதுகுத்து என்று அவர் லீவு போட்டிருந்தார். அவரோடு அறையில் இருந்து வேலை பார்த்தவர்களில் மூன்று பேர் போய்விட்டார்கள். ஒருவர், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. தினமும் ஒரே வண்டியில் போய் வருகிறவர்.

"நான் போயிருக்க வேண்டியது" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை. எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும். கோயில் கொடையாகட்டும், கல்யாணமாகட்டும், வெடி இல்லாமல் நம் பக்கம் என்ன நடக்கிறது? அதனால் அவர் வெளியே போவதையே விட்டார். இதோடு மக்காச்சோள நஷ்டம். இரண்டு குழுக்கடன்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 40 பேர் அளவில் இறந்தார்கள். உதவி செய்ய ஓடிவந்தவர்களும் அதில் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் இறந்தவர்களை எண்ணுகிறோம், காயம்பட்டவர்களை எண்ணுகிறோம். அன்று லீவில் இருந்தவர், பக்கத்து அறையிலிருந்து ஓடித் தப்பியவர், உடல்களைத் தூக்கியவர், இவர்களை யாரும் எண்ணுவதில்லை. காயம் வெளியே தெரியாததால், "நீ தப்பிச்சது புண்ணியம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

முதல் ராத்திரி: மருந்து வீட்டில் இருக்கக் கூடாது

எங்கள் மாவட்டத்தில் மருந்து என்றால் மூன்று. காட்டுக்கு அடிப்பது, வெடியில் அடைப்பது, ஆஸ்பத்திரியில் கொடுப்பது. அவரிடம் முதலில் சொன்னது, காட்டு மருந்தை அன்று ராத்திரியே வீட்டைவிட்டு வெளியேற்றச் சொல்லித்தான். ஒளித்து வைப்பது போதாது. கொழுந்தன் வந்து அத்தனை டப்பாவையும் சாக்கில் கட்டி எடுத்துப்போய், வேறு இடத்தில் பூட்டி, சாவியைத் தானே வைத்துக்கொண்டார். எலி மருந்தும், வீட்டில் கிடந்த பழைய மாத்திரைகளும் அதோடு போயின.

"சாகணும்னு நெனைக்கிறவுக வேற வழி தேட மாட்டாகளா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடமோ சில மணி நேரமோதான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால், பலருக்கு அது தணிந்துவிடுகிறது.

இலங்கை ஒரு காலத்தில் உலகிலேயே அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் ஒன்று. அங்கே கொடிய விஷமுள்ள பூச்சிமருந்துகளை 1980-களிலிருந்து படிப்படியாகத் தடை செய்தார்கள். 1995 முதல் 2015 வரைக்குள் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்பது மதிப்பீடு. விளைச்சலும் விழவில்லை. அங்கே கடன் ஒழிந்துவிடவில்லை, குடும்பச் சண்டை நின்றுவிடவில்லை. கொடிய விஷம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் போனது.

நம் மாநிலத்திலும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. சென்னையில் 1986-இல் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்துக்கென்றே பொதுவான ஒரு கட்டடம் கட்டி, உழவர்களுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். மருந்து அங்கேதான் இருக்கும். தேவையானபோது எடுத்து, அடித்துவிட்டு, மீதியைத் திரும்ப வைக்க வேண்டும். உழவர்கள் அதை ஏற்றுக்கொண்டு பயன்படுத்தினார்கள். உழவர் உற்பத்தியாளர் குழு இருக்கிற ஊரில் இதைச் செய்ய ஓர் அறையும் பத்துப் பெட்டியும் போதும்.

நேராகக் கேளுங்கள்

அடுத்து, கணவரிடம் நேராகக் கேட்கச் சொன்னேன். "கேட்டா, இல்லாத நெனப்பு வந்துராதா?" என்று பயந்தார். எல்லோருக்கும் உள்ள பயம் இது. நானும் மருத்துவரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஏற்கெனவே மனதுக்குள் தனியாகச் சுமந்துகொண்டிருப்பவருக்கு, இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. சுற்றி வளைத்து, "தப்பா எதுவும் நெனைக்கலல்ல?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். கேட்கிறவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான் என்று அவருக்குத் தெரியும்.

அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "செத்துப் போயிரலாம்னு நெனைக்கீகளா?" என்று கேட்டிருக்கிறார். வெகுநேரம் பதில் இல்லை. அப்புறம் அழுதிருக்கிறார். மாசி மாதத்துக்குப் பிறகு அவர் அழுதது அதுதான் முதல் தடவை. விடியும்வரை பேசினாராம்.

அந்த நேரத்தில் சொல்லக் கூடாதவை சில உண்டு. "உனக்கென்ன கொறச்சல்?", "ஆம்பள அழலாமா?", "பிள்ளைகள நெனச்சுப் பாரு", "அவனவனுக்கு எவ்வளவோ கஷ்டம்". நல்ல மனதோடு சொல்கிறோம். ஆனால் "நான் இவர்களுக்குப் பாரம்" என்று நினைத்துக்கொண்டிருப்பவர் காதில், பிள்ளைகளின் பேச்சு குற்றச்சாட்டாகத்தான் விழும். "சொல்லுங்க, கேட்கிறேன்", "இதைத் தனியாவா தூக்கிட்டு இருந்தீங்க?", "நாளைக்கு நானும் கூட வாறேன்" என்ற மூன்று வாக்கியம் தெரிந்தால் போதும். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருங்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் கேட்டால், அதை மட்டும் செய்து கொடுக்காதீர்கள். "ஊருக்குச் சொல்ல மாட்டேன். ஆனா உங்களக் காப்பாத்த வேண்டிய ஆளுக்குச் சொல்லுவேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

குடித்துவிட்டு வந்து சொன்னாலும் தள்ளிவிடாதீர்கள். வெறியில் சொன்னதுதானே என்று விட்ட பேச்சு பல வீடுகளில் கடைசிப் பேச்சாகியிருக்கிறது. குடி, தயக்கத்தை எடுத்துவிடும்; அன்றைக்குத்தான் கூடுதலாக ஆள் வேண்டும்.

அந்த ராத்திரியிலிருந்து ஒரு வாரம் அவரைத் தனியாக விடவில்லை. மனைவி வேலைக்குப் போகிற பகலில் கொழுந்தனும், செத்துப்போன கூட்டாளியின் அண்ணனும் முறை வைத்து வந்தார்கள். காவல் காக்கிற மாதிரி உட்காரவில்லை. வேலி அடைத்தார்கள், கிடாயைக் குளிப்பாட்டினார்கள், சில நேரம் ஒன்றும் செய்யாமல் வேப்பமரத்தடியில் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிப்போவது?

"எனக்கென்ன பைத்தியமா?" என்று முதலில் மறுத்தார். மனைவி வாதம் பண்ணவில்லை. "நாலு மாசமாத் தூக்கம் இல்லேல்ல, அதச் சொல்லி மருந்து கேப்போம்" என்றார். இது ஏமாற்று இல்லை. தூக்கமின்மை உண்மையிலேயே நோயின் ஒரு பகுதி. மனிதர் ஒத்துக்கொள்கிற வாசல் எதுவோ அதன் வழியாகப் போக வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்டார அளவிலான அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வருகிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் எந்தக் கிழமை என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டால் சொல்வார்கள். விருதுநகரில் 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆபத்து உடனடியானது என்று பட்டால் கிழமை பார்க்க வேண்டாம்; 108-ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரத்திலேயே, "ஒண்ணும் கேக்கல சார்" என்று போன் வந்தது. மஞ்சளான பயிருக்கு நுண்ணூட்டம் தெளித்தால் மறுநாளே பச்சை கட்டுகிறதா? மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில்தான் கூட இருப்பவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். மாத்திரை அட்டையை வீட்டில் வேறொருவர் வைத்திருந்து, வேளைக்கு எடுத்துக் கொடுப்பது நல்லது.

குணமானது போல் தெரிந்ததும் தானாக நிறுத்துவதுதான் அடுத்த ஆபத்து. இவரும் ஆடி மாதம் நிறுத்தினார். பத்து நாளில் பழையபடி தூக்கம் போனது. திரும்ப மருத்துவரிடம் போனார்கள். வைகிறவர் யாரும் இல்லை என்பதால்தான் நிறுத்தியதை மறைக்காமல் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கோயிலுக்குக் கொண்டுபோகலாமா?

மாமியார், ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடலாம் என்றார். ஏர்வாடி, குணசீலம், இருக்கன்குடி என்று மனசு சரியில்லாதவரை அழைத்துப்போவது தலைமுறை தலைமுறையாக நம்மிடம் இருக்கிற வழக்கம். அந்த நம்பிக்கையில் நான் கை வைக்க மாட்டேன். சாமி கும்பிட்டு மனசு லேசானால் நல்லதுதான். ஆனால் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது வேறு.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் அங்கே சேர்த்தது, குணமாகும் என்று நம்பிய ஒரு குடும்பம்தான். இன்றைக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவரையும் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருத்துவ சிகிச்சையும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. சாமியும் வேண்டும், மாத்திரையும் வேண்டும், வீட்டு ஆளும் கூட வேண்டும் என்று மாமியாரிடம் சொல்லச் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டு, இருக்கன்குடிக்கு மகனோடு தானும் போய்வந்தார்.

போலீஸ் கேஸ் ஆகுமா?

இந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காலம் கடத்திய வீடுகள் உண்டு. அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-ஆவது பிரிவு இல்லை. மருத்துவமனையில் விவரம் பதிவு செய்வார்கள். அது வழக்கமான நடைமுறை. அதற்குப் பயந்து ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

யாராவது மருந்து குடித்துவிட்டால்

இது என் துறை சம்பந்தப்பட்டது. வெட்டி எடுத்து சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

• உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமானால் கிடைத்த வாகனத்தில் புறப்படுங்கள்.

• உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், புளித் தண்ணீர் எதுவும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் அதுவே உயிரைப் பறிக்கும்.

• இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

• உடம்பிலும் துணியிலும் மருந்து பட்டிருந்தால் துணியைக் களைந்து, தண்ணீரால் கழுவுங்கள். செய்கிறவர் கையில் உறையோ பாலிதீன் பையோ போட்டுக்கொள்ளுங்கள்.

• டப்பாவை லேபிளோடு கையில் எடுத்துப் போங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் உடனே சிகிச்சையைத் தொடங்க முடியும்.

• லேபிளில் பச்சை முக்கோணம்தானே, நன்றாகத்தானே பேசுகிறார் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். சில மருந்துகள் முதலில் ஒன்றும் காட்டாது, பிறகு வேலையைக் காட்டும்.

பதினாறு நாளோடு முடிவதில்லை

துஷ்டி வீட்டுக்குப் பதினாறு நாள் வரை ஆள் வருகிறார்கள், பிறகு வீடு தனியாகிவிடுகிறது. பிழைத்தவர் வீட்டிலும் அதே கதைதான். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். இரண்டாவது மாதம் யார் வருகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு, சென்னைக் கடலோரத்தில் உறவுகளைப் பறிகொடுத்த மீனவக் குடும்பங்களை சினேகா தொண்டர்கள் வீடு தேடிப் போய், தொடர்ந்து பேசிவந்தார்கள். தொண்டர்கள் மருத்துவர்கள் இல்லை. காது கொடுத்துக் கேட்பதற்குப் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குடும்பத்தாரின் மனச்சோர்வு, அப்படி ஆள் வராத இடத்தைவிடக் குறைவாக இருந்தது. நம் கிராமத்தில் இதற்குத் தொண்டர் வேண்டாம். சித்தப்பா, பெரியப்பா, கூட்டாளி போதும். வாரத்துக்கு ஒரு தடவை, காரணமில்லாமல், கால் மணி நேரம்.

கடன் விஷயத்திலும் கூட இருப்பவர்கள் செய்ய ஒன்று உண்டு. இந்த வீட்டில் கொழுந்தன் ஒரு நோட்டைப் போட்டு, யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதினார். மனதில் மலையாக நின்ற கடன், காகிதத்தில் ஒரு தொகையாக மாறியது. வசூலுக்கு வருகிற போனெல்லாம் மூன்று மாதத்துக்குத் தம்பிக்குப் போகும்படி செய்தார்கள். கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்கத் தமிழக அரசு 2025-இல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பத்தாவது படிக்கிற மகளிடம் மறைக்க வேண்டாம் என்றேன். "அப்பாவுக்கு மனசுல காயம், வைத்தியம் நடக்கு. இதுக்கு நீ காரணம் இல்ல" என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் வீட்டில் நடப்பதை எப்படியும் கவனித்துவிடுகின்றன. சொல்லாமல் விட்டால், பழியைத் தங்கள் மேல் போட்டுக்கொள்கின்றன.

ஒரு நாள் அந்தப் பெண்ணிடம், "நீங்க எப்ப தூங்குறீங்க?" என்று கேட்டேன். போனில் சத்தமே இல்லை. அதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. அடுத்த வாரம் அவருடைய அக்கா வந்து மூன்று நாள் தங்கினார். தாங்குகிற தூணுக்கும் முட்டு வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் செய்தும் சில வீடுகளில் காப்பாற்ற முடியாமல் போய்விடுகிறது. அப்படி இழந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அது உங்கள் குற்றம் இல்லை. உங்கள் வீட்டுக்கும் ஆள் வர வேண்டும்.

இப்போது

அவர் முழுக்கத் தேறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். மாத்திரை தொடர்கிறது. பயராபீஸுக்குத் திரும்பவில்லை, திரும்பச் சொல்லவும் யாரும் இல்லை. தீபாவளி வருகிறது. அந்த இரண்டு மூன்று நாளும் சத்தம் குறைவான மேற்கே, மலையடிவாரத்துத் தோப்பில் இருக்கிற அக்கா வீட்டில் தங்குவது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். போன வாரம் அவரே போனில் வந்தார். உடம்பைப் பற்றிப் பேசவில்லை. "மக்காச்சோளத்துக்குப் பதில் சொல்லலயே சார்" என்றார்.

சொல்லிவிடுகிறேன். இரண்டரை ஏக்கரில் ஒன்றரை ஏக்கரைக் குதிரைவாலிக்கு ஒதுக்குங்கள். எம்.டி.யு. 1 ரகம் 95 முதல் 100 நாளில் வந்துவிடும், கரிசல் மானாவாரிக்கு ஏற்றது. பூச்சிமருந்து அடிக்கிற வேலை அநேகமாக இருக்காது. மீதி ஒரு ஏக்கரில் மக்காச்சோளம் போடுங்கள். கடைசி உழவில் 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி செய்த விதை, பத்து வரிசைக்கு ஒரு வரிசை இடைவெளி, வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி. குருத்தைப் பிரித்துப் பார்த்து, படைப்புழு சேதம் கூடுதலாக இருந்தால் மட்டும் மருந்து. அதையும் ஒரு தடவைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே வாங்கி, அன்றைக்கே அடித்து முடித்துவிடுங்கள். மிச்சம் வைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். இது அந்த வீட்டுக்கு மட்டும் சொன்னதில்லை, எல்லா வீட்டுக்கும்தான்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாருடைய முகமாவது நினைவுக்கு வந்திருந்தால், இன்று சாயங்காலம் ஒரு நடை போய்வாருங்கள்.

பேச வேண்டும் என்று தோன்றினால், உங்களுக்காகவும் சரி, வீட்டில் ஒருவருக்காகவும் சரி: மத்திய அரசின் டெலி மனஸ் 14416 (24 மணி நேரமும், தமிழில், கட்டணமில்லை); தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104; சினேகா 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் 108.